மண்ணுக்குள் மூளும் தீ: கன்னியா முதல் சம்பூர் வரை

திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுர வீதி வழியே ஐந்து மைல் அளவு சென்றால் கன்னியா வந்துவிடும். அங்குள்ள வெந்நீர் ஊற்றுக்களைக் கிணறுகள் என்று அழைப்பது வழக்கமாயினும், கட்டுக் கட்டிய சிறு சதுரத் தொட்டிகள் என்று சொல்லுதலே பொருந்தும். மொத்தம் ஏழு. மூன்று நான்கு அடிக்கு மேல் ஆழம் இல்லை. ஒன்றில் ஒரு வாளி முகந்து தலையில் வார்த்துக்கொண்டு அடுத்ததற்குப் போனால், சூடு சற்றே வேறுபடுவதை உடம்பு அறிந்துகொள்ளும். இராவணேசன் தன் தாயின் அந்தியக் கிரியைகளுக்கு நீர் வேண்டி நிலத்தில் ஏழிடத்தில் ஊன்றினான் என்பது ஐதிகம். தாய் தந்தையரை இழந்த சைவ மக்கள் கிரியைகளின் பொருட்டு இங்கு வருவது நெடுங்கால வழக்கம்.

இந்த நீர் எவ்வாறு சூடேறுகின்றது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு எரிமலை என்று விடை சொல்லிவிடுதல் தவறு. இலங்கையில் எரிமலை கிடையாது. வானத்திலிருந்து விழும் மழைநீரே பாறையின் வெடிப்புக்களில் இறங்கி, மிக ஆழம் சென்று, அங்குள்ள வெப்பத்தைத் தாங்கிக்கொண்டு மீண்டும் மேலே வருகின்றது. பூமிக்குள் நூறு மீற்றர் இறங்க இறங்க வெப்பம் இரண்டு மூன்று பாகை உயரும் என்பதை மாணவர் அறிவர். ஆக, நமது காலின் கீழே நீர் உறங்கிக் கிடப்பதில்லை. அது இறங்குகின்றது, நகர்கின்றது, ஏறுகின்றது. இந்தச் சிறிய உண்மையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

எம்முடன் வந்த மருமகன் பேராதனையிலே பொறியியல் பயில்பவன். ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே அவன் சொன்னான்: “மாமா, யாரும் தோண்டாமலே பூமி வெந்நீர் தருகிறது. நிலக்கரியையும் தோண்டாமலே வாங்கலாம் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். கரியைக் கீழேயே எரித்து, அதன் வாயுவை மட்டும் குழாயால் மேலே எடுப்பார்களாம்.”

நாம் அன்று சம்பூருக்குப் போகவே புறப்பட்டிருந்தோம். கரியினால் உலகறிந்த பெயர் பெற்று, கரியில் ஒரு கட்டியையேனும் கண்ணால் காணாத ஊர் சம்பூர். ஆகவே அவன் தொடுத்த பேச்சு அன்றைய பயணம் முழுவதும் எம்முடன் கூட வந்தது.

நகருக்குத் திரும்பிச் சீனக்குடாச் சாலையைப் பிடித்தோம். திருகோணமலைத் துறைமுகத்தின் அழகைப் பற்றி எழுதாதவர் இல்லை. மலைகள் சூழ்ந்த உள்வாங்கிய குடா. புயலிலும் கலங்காத ஆழ்ந்த நீர். ஆனால் இந்தத் துறைமுகத்தின் வரலாற்றை எரிபொருளின் வரலாறாகவும் படிக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பாய்மரக் கப்பல்களுக்குக் காற்றுப் போதுமாயிருந்தது. நீராவிக் கப்பல்கள் வந்தபின் கரி வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் கடற்படை கரியை எரித்த காலத்திலே இத்துறைமுகத்திலும் கரி குவித்து வைக்கப்பட்டது. அந்தக் கரி இலங்கையினது அன்று. கடல் கடந்து வந்தது. முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அக்கடற்படை கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. அதன் விளைவே சீனக்குடாவின் காட்டுக்குள் வரிசை வரிசையாக நிற்கும் பெரும் எண்ணெய்க் குதங்கள்.

குதம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது அவற்றுள் ஒன்று தீப்பற்றி அழிந்தது. இப்பொழுது இருப்பவை 99. 1957-இல் பிரிட்டிஷார் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்ற பின்னர் இவற்றிற் பெரும்பாலானவை பயனின்றிக் கிடந்தன. 2003-இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்குக் குத்தகை. 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கை: 14 குதங்கள் அந்நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும். சாலையோரத்தில் நின்று பார்த்தால் சில குதங்களின் மேலே மரங்கள் கிளை பரப்பியிருப்பது தெரிகின்றது. துருவேறிய இரும்புச் சுவரைக் காட்டுக்கொடி ஏறித் தழுவியிருக்கும் காட்சி, புகைப்படக்காரருக்கு நல்ல விருந்து.

“கரி வந்தது, எண்ணெய் வந்தது, எல்லாம் வெளியிலிருந்துதான்,” என்றான் மருமகன். “எமது மண்ணில் ஏன் கரி இல்லை?”

கேள்வி நியாயமானது. நிலக்கரி என்பது பழங்காலச் சதுப்புக் காடுகள் மண்ணுள் அமிழ்ந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்திக் கறுத்த பொருள். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலமோ அக்காடுகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே உருவான பழம்பாறை. அப்பாறையிலே இரத்தினம் உண்டு, காரீயம் என்று பேச்சு வழக்கில் அழைக்கும் பென்சிற்கரி உண்டு. அடுப்பில் எரிக்கும் கரிக்கு இடமில்லை. முத்துராஜவெலச் சதுப்பிலே முற்றாத கரியாகிய முற்றா நிலக்கரி சிறிது உண்டு என்பர். அவ்வளவே.

இனி, கரியைத் தோண்டாமல் வாயுவாக்கும் வித்தைக்கு வருவோம். கிண்ணியாப் பாலத்தை நோக்கி வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் மருமகன் ஒரு கடதாசியில் படம் வரைந்து எமக்கு விளக்கினான். நாம் கேட்டறிந்ததை வாசகர்க்கும் கூறுகின்றோம்.

நிலத்தின் மேலிருந்து கரிப்படிவம் வரை எட்டும்படி இரண்டு துளைகள் இடுவர். கீழே அவ்விரண்டையும் கரியினூடே ஒரு வழியால் இணைப்பர். ஒரு துளை வழியே காற்றையோ பிராணவாயுவையோ, வேண்டுமாயின் நீராவியையும் சேர்த்து, உள்ளே செலுத்திக் கரியிலே தீ மூட்டுவர். காற்றுத் தாராளமாகக் கிடைத்தால் கரி முற்றாக எரிந்து கரியமிலவாயுவாகிவிடும். அளவோடு செலுத்தினால், ஒரு பகுதி எரிந்து பெருஞ்சூட்டை உண்டாக்க, அச்சூட்டில் மீதிக் கரியும் நீராவியும் கலந்து வேறு வாயுக்களாக மாறும். காபனோரொட்சைட்டு, ஐதரசன், சிறிது மெதேன் ஆகியன அவை. இவை யாவும் எரியக்கூடியவை. இரண்டாவது துளை வழியே இவற்றை மேலே இழுத்து, சுத்தி செய்து, மின்சாரம் ஆக்கலாம், உரமும் செய்யலாம். ஊதுகுழலால் அடுப்பைத் தூண்டும் நமது தாய்மார் செய்வதும் ஏறத்தாழ இதுவே. அடுப்பு மட்டும் சில நூறு மீற்றர் ஆழத்தில் இருக்கின்றது. ஊதுகுழலை எவ்வளவு ஊதுவது என்பதிலேதான் வித்தை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

இந்த எண்ணம் புதியதன்று. 1868-இல் வில்லியம் சீமன்ஸ் என்னும் பொறியியலாளர் சுரங்கத்துள் கழிவாகும் கரியை அங்கேயே வாயுவாக்கலாம் என்றார். மூலகங்களின் அட்டவணையை வகுத்த ருஷ்ய அறிஞர் மெண்டலீவ் 1888-இல், கரிப்படிவங்களிற் பற்றும் தீயை அணைப்பதற்குப் பதிலாக அதனைக் கட்டுப்படுத்திப் பயன் கொள்ளலாம் என எழுதினார். செயலிற் காட்ட முயன்றவர் சேர் வில்லியம் ராம்சே. ஆகன், நியோன் முதலிய வாயுக்களைக் கண்டறிந்து 1904-இல் நோபல் பரிசு பெற்ற அதே ராம்சேதான். பெங்களூரிலே இந்திய விஞ்ஞானக் கழகம் அமைய இடம் பார்த்துச் சொன்னவரும் அவரே என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். 1912-இல் இங்கிலாந்தின் டர்ஹம் பிரதேசத்தில் பரீட்சை செய்ய ஏற்பாடு செய்தார். போர் குறுக்கிட்டது, 1916-இல் அவரும் மறைந்தார்.

அவர் விட்ட நூலை எடுத்தவர்கள் ருஷ்யர். 1913-இலேயே லெனின் இதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். மண்ணுக்குள் இறங்கி உயிர்விடும் தொழிலாளிக்கு இது விடுதலை தரும், ஆனால் முதலாளிகளின் ஆட்சியில் அவனுக்கு வேலையை இழக்கச் செய்யும் என்பது அவர் கருத்து. 1930-களிற் சோவியத் நாட்டிற் பரீட்சைகள் தொடங்கின. உஸ்பெகிஸ்தானின் அங்ரென் நகரில் 1960-களின் தொடக்கத்தில் அமைந்த நிலையம் பல பத்தாண்டுகள் வாயு உண்டாக்கி அருகிலுள்ள மின்னிலையத்துக்கு வழங்கியது. ஆயினும் சைபீரியாவில் இயற்கை வாயு மலிந்து கிடைத்ததும் அந்நாட்டினரே இதில் ஆர்வம் குன்றினர்.

தொழிலாளியின் உயிர் என்பது வெறும் பேச்சன்று. 1975 டிசம்பர் 27-ஆம் திகதி, அக்காலத்துப் பிகாரிலும் இக்காலத்து ஜார்கண்டிலும் உள்ள சாஸ்நாலாச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370 பேருக்கு மேல் இறந்தனர். எவரும் கீழே இறங்காமலே கரியின் பயனைப் பெறுவதென்றால், அதனை எளிதில் தள்ளிவிட இயலுமா? தோண்டிக் குவிக்கும் மண்மேடு இல்லை. சாம்பலிற் பெரும்பகுதி கீழேயே தங்கிவிடும். சுரங்கம் எட்டாத ஆழத்துக் கரியும் பயன்படும். மருமகன் இவற்றை எடுத்துச் சொல்லும்போது அவன் கண்களில் ஒளி இருந்தது. இளம் பொறியியலாளனுக்கு அவ்வொளி இருத்தல் வேண்டும் என்றே நாம் கருதுகின்றோம்.

கிண்ணியாப் பாலம் வந்தது. 396 மீற்றர் நீளம், 2009-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் கிண்ணியாவிலும், உப்பாற்றிலும், கங்கையிலும், இறால்குழியிலும் துறைக்குத் துறை காத்திருந்து, மிதவைப் படகேறிக் கடந்து மூதூர் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மகாவலி கங்கை மலைநாட்டிலிருந்து இறங்கி வந்து கொட்டியாரக் குடாவிற் கலப்பது இப்பகுதியிலேயே. இருபுறமும் வயல், களப்பு, கண்டல். வண்டியோட்டி நிறுத்தித் தந்த இடத்தில் எருமைத் தயிர் வாங்கி உண்டோம். அதனைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.

மூதூரில் ஒரு புளியமரத்தைக் காட்டுவார்கள். 1660-இல் ஆங்கிலக் கப்பலொன்றில் வந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞனைக் கண்டியரசனின் ஆட்கள் பிடித்துச் சென்ற இடம் அதுவென்பர். பத்தொன்பது ஆண்டுக்கு மேல் சிறையிருந்து, தப்பியோடி, 1681-இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதியவர் அவர். வெளியிலிருந்து வந்தோர் நமது மண்ணிற் கண் வைத்த கதைகளுக்கு அது ஒரு தொடக்கமாக இருக்கட்டும்.

மூதூருக்குக் கிழக்கே சில மைல் சென்றால் சம்பூர். பத்திரகாளி அம்மன் கோயிலும், பனைகளும், சேனை நிலமும், அப்பால் நீலக்குடாவும். குடாவின் மறுகரையில் திருகோணமலை மலைமுகடுகள் மங்கலாகத் தெரிகின்றன. 2006-ஆம் ஆண்டிற் போர் மூண்டபோது இவ்வூரார் அனைவரும் இடம்பெயர்ந்தனர். சிலர் மட்டக்களப்புக்குச் சென்று அலைந்தனர். பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காகத் தகரக்கொட்டிலில் வாழ்ந்தனர். அவர்கள் முகாமில் இருக்கையில், அவர்களது ஊரில் நிலக்கரி மின்னிலையம் அமைப்பதற்கு இந்திய அனல்மின் நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் இணங்கின. 500 மெகாவாற், கரி கப்பலில் வரும். 2011-இற் கூட்டுக் கம்பனி அமைந்தது. 2013-இல் உடன்படிக்கைகள் ஒப்பமாயின. இதற்கென வேலியிட்ட நிலம் ஒருபுறம். கடற்படை முகாம் ஒருபுறம். கைத்தொழில் வலயம் என்று 818 ஏக்கர் மற்றொருபுறம். ஊரார் முகாமிலிருந்தபடியே வழக்காடினர். 2015-இல் கைத்தொழில் வலய நிலம் விடுவிக்கப்பட, மீள்குடியேற்றம் தொடங்கியது. 2016-இல் கடற்படை முகாமும் அகன்றது. அவ்வாண்டு செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி மின்னிலையம் கட்டப்படமாட்டாது என அரசு உயர்நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது.

மேற்குக் கரையில் நுரைச்சோலையில் கட்டி முடித்த 900 மெகாவாற் நிலையம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கை இன்றும் தருகின்றது. அங்கும் கரி வெளிநாட்டினதே. கடல் அமைதியாயிருக்கும் மாதங்களிலேதான் இறக்க முடியும். ஆகவே மின்சாரம் வேண்டாமென்று சொல்வதற்கு இந்நாட்டில் எவருக்கும் இயலாது. சம்பூர் மக்களும் அவ்வாறு சொல்லவில்லை. அவர்கள் கேட்டது தங்கள் நிலத்தை.

ஒரு வீட்டின் முற்றத்தில் வேம்பின் கீழ் இருக்கை தந்தார் முதியவர் ஒருவர். மாடு வளர்ப்பவர்; எழுபதுக்கு மேல் வயது. முகாமில் ஒன்பது ஆண்டு. திரும்பி வந்தபோது வீட்டின் நிலை மட்டும் நின்றதாம். கிணறு காடு மூடிக் கிடந்ததாம். கிணற்றைக் கண்டுபிடித்து இறைத்து, முதல் வாளி நீரைக் குடித்த பின்னரே ஊருக்கு வந்த நினைவு வந்தது என்றார். மருமகன் உற்சாகத்தில் அவருக்கும் தன் படத்தைக் காட்டினான். நிலத்தின் மேலே இரண்டு குழாய் மட்டுமே நிற்கும், வயலையோ வீட்டையோ எடுக்கத் தேவையில்லை, யாரும் இடம்பெயர வேண்டாம் என்றான்.

பெரியவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். “மேலால எடுக்கிறதை நாங்க கண்ணால கண்டு வழக்குப் போட்டம், தம்பி. கீழால எடுத்தா எப்பிடிக் காணுறது? கிணத்துத் தண்ணிக்கு என்ன நடக்கும்?” என்றார்.

இக்கேள்வியை விஞ்ஞானிகளும் அறிவர். கரிப்படிவத்தைச் சூழ நீர் ஊறிய பாறை இருக்கும். எரியும் குகையின் அமுக்கம் அந்நீரின் அமுக்கத்திலும் சற்றே குறைந்திருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. அவ்வாறிருந்தால் நீர் குகையை நோக்கி உள்ளே வரும். வாயு வெளியே போகாது. அமுக்கம் மிஞ்சினாலோ, வாயுவும் அதனுடன் பென்சீன், பீனோல் முதலிய நச்சுப் பொருள்களும் பாறையின் வெடிப்புக்களினூடே வெளியேறி நிலத்தடி நீரிற் கலந்துவிடும். கன்னியாவிற் கண்டோமன்றோ? கீழேயுள்ள நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. போன இடத்துக்கு அதனைப் பின்தொடர்ந்து செல்லவும் இயலாது. கரி எரிந்து முடிந்த குகையின் கூரை இடிந்து, மேல்நிலம் தாழ்வதும் உண்டு.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஹோ கிறீக் என்னுமிடத்தில் 1976 முதல் 1979 வரை நடந்த பரீட்சையிற் கூரை இடிந்து, பென்சீன் நிலத்தடி நீரிற் கலந்தது. அதைவிடப் பெரிய பாடம் அவுஸ்திரேலியாவில். குவீன்ஸ்லாந்து மாநிலத்துச் சின்சில்லா என்னும் விவசாய ஊரின் அருகே லிங்க் எனர்ஜி என்னும் நிறுவனம் 1999-இல் தொடங்கி 2013 வரை நிலத்தடியில் கரியை எரித்தது. மிகுந்த அமுக்கத்தில் காற்றைச் செலுத்தியதால் மேற்பாறை பிளந்து வாயுக்கள் கசிந்தன. 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பில், இரண்டு மீற்றருக்குக் கீழே தோண்டுவதாயின் அநுமதி பெற வேண்டுமென்று 2015-இல் அரசு கட்டளையிட்டது. தம் சொந்த வயலிற் கிணறு வெட்ட அநுமதி கேட்டு நிற்கும் நிலை! 2016-இல் அம்மாநிலம் இத்தொழிலையே தடை செய்தது. 2018-இல் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 45 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. ஆனால் நிறுவனம் அதற்குள் கடனில் மூழ்கிக் கலைப்புக்குட்பட்டிருந்தது.

இவற்றைக் கேட்டபோது பெரியவர் வியப்படையவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் இட்டுக்கொண்டார்.

சின்சில்லா தொலைவில் இருக்கலாம். ஆனால் கடலுக்கு அப்பால் நமது உறவினர் வாழும் நாட்டிலும் இக்கேள்வி வந்து நிற்கின்றது. தமிழ்நாட்டில் நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரியைத் திறந்த சுரங்கமாகத் தோண்டுகின்றனர். அதற்கான நிறுவனம் 1956-இல் அமைந்தது. அங்கே கரிப்படிவத்தின் கீழே நீர் பேரமுக்கத்தோடு அடைபட்டிருக்கின்றது. அதனை இரவு பகலாக இறைத்துக் குறைக்காவிடில் சுரங்கத்தின் தளம் பிளந்து நீர் பொங்கிவிடும். தெற்கே மன்னார்குடிப் பகுதியில் இருப்பதும் பெருந்தொகையான பழுப்புக் கரியே. ஆனால் மிக ஆழத்தில் இருப்பதால் நெய்வேலியைப் போலத் தோண்டுவது எளிதன்று. இத்தகைய ஆழத்துக் கரிக்கே தோண்டாத முறைகளைப் பேசுகின்றார்கள். கரியிலே இயல்பாகத் தங்கியுள்ள மெதேனை உறிஞ்சி எடுக்கும் திட்டம் அங்கு 2010-இல் வந்தது. அது எரிக்கும் முறை அன்று. நீரை இறைத்து வெளியேற்றி வாயுவைப் பெறும் முறை. ஆயினும் காவிரிப் படுகை உழவர் அதிற் கண்ட அச்சம் ஒன்றே: தங்கள் நெல் வயலின் கீழுள்ள நீர். திட்டம் கைவிடப்பட்டது, 2020-இல் படுகை மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழ்நாடு சட்டம் செய்தது.

இந்தியா முழுவதும் அம்முடிவே என்று கொள்ளலாகாது. நிலத்தடியில் வாயுவாக்குவதற்கான கொள்கையை மத்திய அரசு 2015-இல் வகுத்தது. 2024 ஜூனில் ஜார்கண்டின் ஜாம்தாரா மாவட்டத்திலுள்ள கஸ்தா என்னும் கரி நிலத்தில் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனம் முதற் பரீட்சைத் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டம் துளையிட்டுக் கரியையும் பாறையையும் சோதித்தல். எரித்துப் பார்ப்பது அதன் பின்னர். அதே மாநிலத்தில் ஜரியா என்னும் ஊரின் கீழே 1916 முதல் கரிப்படிவம் தானாகவே எரிந்துகொண்டிருக்கின்றது. எவரும் ஏற்றாத தீ. எவராலும் முற்றாக அணைக்க இயலாத தீ. வீடுகள் பிளந்து, குடும்பங்கள் வேறிடம் பெயர்க்கப்படுகின்றன. ஒருபுறம் தீயை அடக்க வழி தேடுகின்றார்கள். மறுபுறம் தீயை அளவோடு மூட்டிப் பார்க்க ஆயத்தம் செய்கின்றார்கள். அளவு என்னும் அச்சொல்லிலேதான் எல்லாம் தங்கியிருக்கின்றது. அதனைக் காப்பவர் யார், அளந்து பார்ப்பவர் யார், அளவு பிழைத்தால் கேட்பவர் யார் என்னும் கேள்விகள் பொறியியற் பாடநூலில் சிறிய எழுத்திலேதான் வருகின்றன. கஸ்தாவிற் பரீட்சை நடைபெறுக. ஆனால் முதல் துளை இடுமுன் சுற்றியுள்ள கிணறுகளின் நீரைச் சோதித்து, அக்கணக்கை அவ்வூராரின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். எரித்து முடிந்த பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் வேறு சான்று இராது.

மருமகன் தன் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். முறையை அவன் கைவிடவில்லை; கரி ஆழமாகவும், சுற்றியுள்ள பாறை நீர் புகாததாகவும், மேலே ஊர் இல்லாததாகவும் அமைந்த இடம் கிடைத்தால் செய்யலாம் என்றே வாதித்தான். அவன் வாதத்தில் நியாயம் இருந்தது. அத்தகைய இடங்கள் உலகில் எத்தனை என்று நாம் கேட்டோம். “தேட வேண்டும்,” என்றான்.

பெரியவர் எழுந்து எம்மைக் கடற்பக்கமாக அழைத்துச் சென்றார். மின்னிலையத்துக்கென அடைத்த நிலத்தைக் கைகாட்டினார். பற்றையும் புல்லுமாகக் கிடக்கும் வெளி. கரி வராத அந்நிலத்திற்கு இப்பொழுது சூரியன் வருகின்றது. அதே இரு நாடுகளின் நிறுவனங்கள் சேர்ந்து 120 மெகாவாற் சூரியமின் நிலையம் அமைக்க, 2025 ஏப்ரல் 5-ஆம் திகதி இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் தூரத்திலிருந்தே தொடக்கி வைத்தனர். புகை இல்லை, சாம்பல் இல்லை, குடாவின் நீரைச் சூடாக்குவதில்லை, கிணற்றுக்குப் பயமில்லை. கப்பலிலே எரிபொருள் வர வேண்டியதுமில்லை. கரியையும் எண்ணெயையும் கடல் வழியே பார்த்திருந்த இத்துறைமுகக் கரைக்கு அது புதிய அநுபவம். ஆனால் கண்ணாடித் தகடுகள் விரிக்கவும் நிலம் வேண்டும். பரந்த நிலம் வேண்டும்.

பெரியவரின் மாடுகள் வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு மருமகனிடம் திரும்பினார்.

“அந்தத் தகட்டுக்குக் கீழ புல்லு முளைக்குமா, தம்பி?”

“முளைக்கும் ஐயா. சில நாடுகளில் செம்மறி ஆடுகளை விட்டு மேய்க்கிறார்கள்.”

“ஆடு சரி. மாட்டை விடுவாங்களா?”

மாடு உரசினால் தகடு உடையாதா, கால்களை உயரமாக நாட்டினால் செலவு எவ்வளவு ஏறும் என்றெல்லாம் மருமகன் சத்தமாக யோசிக்கத் தொடங்கினான். பெரியவர் வேலியிற் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூதூர் பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.